கப்பி வைத்தும் சுமை சரியாக ஏறவில்லையா? அறிகுறியைக் கொண்டு கோளாறு அறியும் வழிமுறை

பெங்களூரின் பழைய குடியிருப்புகளில் 20க்கு 30 அடி மனையில் மூன்று மாடி எழுப்பும்போது, கிரேன் வந்து நிற்பதற்கான அகலம் தெருவில் இருப்பதில்லை. அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் ஸ்ரீராம்புரத்திலும் சிமெண்ட் மூட்டை, கிரானைட் பலகை, தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டில் திரும்பாத பீரோ எல்லாம் பெரும்பாலும் கயிறும் கப்பியும் கொண்டுதான் மேலே ஏறுகின்றன. பீன்யாவின் பட்டறைகளில் அதே வேலையை, பல்சக்கரமும் சங்கிலியும் கொண்டு சுமை தூக்கும் செயின் பிளாக் செய்கிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பழுதான மோட்டாரை வெளியே எடுக்கும்போது முக்காலியின் உச்சியில் தொங்குவதும் கப்பிதான். இவ்வேலைகளைச் செய்வோரிலும் மேற்பார்ப்போரிலும் தமிழ் பேசுவோர் நிறையப் பேர். சுமை ஏற மறுக்கும்போதும், ஏறிய சுமை நழுவும்போதும் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

அதற்குமுன் ஓர் அடிப்படையை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கப்பி சுமையின் எடையைக் குறைப்பதில்லை. மேலே அசையாமல் கட்டப்பட்ட ஒற்றைக் கப்பி, கீழே நின்றபடி கீழ்நோக்கி இழுப்பதற்கு வசதி செய்கிறது; அவ்வளவே. சுமையோடு சேர்ந்து நகரும் இயங்கும் கப்பி ஒன்றைச் சேர்த்தால், சுமையை இரண்டு கயிறுகள் பங்கிட்டுத் தாங்குகின்றன. கைக்குப் பாதி விசை போதும், ஆனால் சுமை ஓர் அடி ஏற இரண்டு அடிக் கயிற்றை இழுக்க வேண்டும். கை தாங்காத மீதிப் பாரம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. அது மேல் கொக்கிக்குப் போகிறது. கப்பி வேலையில் நேரும் ஆபத்தான பிழைகள் பெரும்பாலும் கப்பியில் இருப்பதில்லை; அந்த மேல் கொக்கிக்கு யாரும் கணக்குப் போடாததில்தான் இருக்கின்றன. ஆகவே எந்த அறிகுறி தோன்றினாலும், இழுக்கும் கையில் தொடங்கி, கயிறு செல்லும் வழியிலேயே கண்ணைச் செலுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் கடந்து, மேல் தாங்கல் வரை சென்று முடிப்பதே சரியான தேடல்.

கோளாறு தெரிந்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம், சுமையைத் தரையிலோ உறுதியான தளத்திலோ இறக்கிவிடுவது. சுமை தொங்கிக்கொண்டிருக்கும்போது காடியில், அதாவது கயிறு ஓடும் சக்கரப் பள்ளத்தில், சிக்கிய கயிற்றை விரலால் எடுத்துவிட முயல்வது, விரலை இழக்கும் வழி. இறக்க முடியாத நிலை என்றால், கீழே நிற்பவர்களை விலக்கி, தெருவின் இரு பக்கமும் ஆளை நிறுத்தி வழியை மறித்துவிட்டு, வேறொரு தாங்கலிலிருந்து இரண்டாவது கயிறோ செயின் பிளாக்கோ போட்டுச் சுமையைப் பிடித்துக்கொண்ட பிறகே முதல் கயிற்றைத் தொட வேண்டும்.

அறிகுறி: கணக்குப்படி எளிதாக ஏற வேண்டிய சுமை, கையில் மிகக் கனமாக இருக்கிறது

முதலில் சுமையின் உண்மையான எடையைச் சரிபார்க்க வேண்டும். கிரானைட்டின் எடை ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோ. ஆகவே 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை ஒரு சதுரமீட்டருக்கு 54 கிலோ இருக்கும், 2.4 மீட்டர் நீளமும் 0.6 மீட்டர் அகலமும் உள்ள சமையல் மேடைப் பலகை 78 கிலோவைத் தொடும். ஜிகணியில் இருந்து வந்து இறங்கும் பலகையைப் பார்த்து “ஐம்பது கிலோ இருக்கும்” என்று கண்ணளவில் சொல்வதை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

அடுத்து, சுமையைத் தாங்கும் கயிறுகளை எண்ண வேண்டும். இங்கே சக்கரங்களை எண்ணுவது பலர் செய்யும் பிழை. கீழே இருக்கும் இயங்கும் கப்பிக்கு நேர் மேலே ஒரு கோடு கிழித்தாற்போல் நினைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைக் கடந்து கீழ்க் கப்பியையும் சுமையையும் பிடித்திருக்கும் கயிறுகளை மட்டும் எண்ண வேண்டும். மேல் கப்பியைச் சுற்றிக் கைக்கு இறங்கி வரும் இழுகயிறு இந்தக் கணக்கில் சேராது. தரையில் கயிற்றைத் திசை திருப்புவதற்காகக் கட்டிய கப்பியும் சேராது. அது உராய்வை மட்டும் கூட்டுகிறது.

உராய்வுக்குத் தளத்தில் பயன்படும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. சாதாரண புஷ் (அச்சைச் சுற்றி அமரும் உலோகக் குழல்) வைத்த கப்பியில், கயிறு கடக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சுமையின் எடையில் பத்தில் ஒரு பங்கைச் சுமையோடு கூட்டி, வரும் தொகையைத் தாங்கும் கயிறுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 100 கிலோ சுமைக்கு ஒற்றைக் கப்பி என்றால் 110 கிலோ விசை வேண்டும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சக்கரம் என்றால் 120ஐ இரண்டால் வகுத்து 60 கிலோ. நான்கு சக்கரம், நான்கு கயிறு என்றால் 140ஐ நான்கால் வகுத்து 35 கிலோ. ஆறு சக்கரத்துக்கு 160ஐ ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 27 கிலோ. இரண்டிலிருந்து நான்குக்குப் போகும்போது 25 கிலோ குறைகிறது. நான்கிலிருந்து ஆறுக்குப் போகும்போது 8 கிலோதான் குறைகிறது, இழுக்க வேண்டிய கயிற்றின் நீளமோ ஒன்றரை மடங்காகிறது. கையால் இழுக்கும் வீட்டு வேலைக்கு நான்குக்கு மேல் போவதில் பயனில்லை என்பது என் கருத்து. அதற்குமேல் தேவைப்படும் சுமைக்குச் செயின் பிளாக்கே தகுந்த கருவி.

இழுப்பவர் மாடியிலேயே நிற்க முடியுமானால் வேறொரு வசதி உண்டு. கயிற்றின் ஒரு நுனியை மேலே கட்டி, சுமையோடு இணைந்த ஒரே இயங்கும் கப்பியின் வழியே திருப்பி, மறு நுனியை மேலிருந்து மேல்நோக்கி இழுத்தால், இழுகயிறும் தாங்கும் கயிறாகிவிடுகிறது. ஒரே சக்கரத்தில் 110ஐ இரண்டால் வகுத்த 55 கிலோ விசையே போதும். ஆனால் மாடி ஓரத்தில் நின்று மேல்நோக்கி இழுப்பவருக்கு இடுப்புவார் கட்டி, அதை வேறொரு உறுதியான இடத்தில் பிணைக்காமல் இதைச் செய்யவே கூடாது.

எண்ணிக்கையும் எடையும் சரியாக இருந்தும் கனமாகத் தெரிந்தால், கயிறுகள் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கயிற்றின் கட்டிய நுனியைக் கப்பிக்குப் பக்கத்தில் வைக்காமல் எங்கோ தள்ளித் தூணில் கட்டினால், இயங்கும் கப்பியின் இரு பக்கக் கயிறுகளும் விரிந்து நிற்கும். அவற்றுக்கு இடையிலான கோணம் 120 பாகையை எட்டும்போது ஒவ்வொரு கயிறும் முழுச் சுமையையும் தாங்குகிறது. இயங்கும் கப்பி தரும் ஆதாயம் அங்கே முற்றிலும் போய்விடுகிறது. சுமை தரையில் இருக்கும்போது கயிறுகள் இணையாகத் தோன்றினாலும், உயர உயரக் கோணம் விரிந்துகொண்டே போகும். ஆகவே முதல் மாடி வரை சுலபமாக வந்த சுமை இரண்டாம் மாடியில் திடீரென்று கனத்தால், இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சக்கரத்தின் அளவும் காரணமாகலாம். நார்க்கயிறுக்கோ நைலான் கயிறுக்கோ சக்கரத்தின் விட்டம் கயிற்றின் விட்டத்தைப் போல எட்டு மடங்காவது இருக்க வேண்டும். 16 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 128 மில்லிமீட்டர், அதாவது ஐந்து அங்குலச் சக்கரம். கிணற்றுக்கென்று விற்கும் சிறு கப்பியில் தடித்த கயிற்றைப் போட்டால், கயிற்றை வளைப்பதற்கே கையின் வலு கரைகிறது; கயிற்றின் உள்நார்களும் விரைவில் அறுகின்றன. மழையில் நனைந்த மணிலாக் கயிறும் தேங்காய் நார்க்கயிறும் பருத்துக் காடியில் இறுகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஓரளவு ஏறிய சுமை, அதன்பின் எவ்வளவு இழுத்தும் அசையவில்லை

இந்த அறிகுறியில்தான் கப்பி மனிதனை ஏமாற்றுகிறது. நேரடியாகக் கையால் தூக்கினால், சுமை எங்கோ சிக்கியிருப்பது உடனே தெரிந்துவிடும். நான்கு மடங்கு ஆதாயம் உள்ள கப்பியில் அதே சிக்கல் “கொஞ்சம் கனம் கூடியது” என்று மட்டுமே கைக்குத் தெரிகிறது. இன்னும் இருவரைச் சேர்த்து இழுத்தால், சன்ஷேடின் அடியில் மாட்டிய பீரோவின் மூலை பெயரும், அல்லது மேல் தாங்கல் பெயரும்.

ஆழ்துளைக் கிணறு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பெங்களூரில் ஆயிரம் அடி ஆழத்தில் மோட்டார் இறக்கியிருப்பது இப்போது வியப்புக்குரியதன்று. 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோ. 300 மீட்டருக்கு 1,050 கிலோ. மோட்டாருக்கு மேலுள்ள வால்வு தண்ணீரைத் திரும்ப விடாததால், குழாய்க்குள் மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர் வீதம் நீர் நிற்கிறது. கிணற்றின் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்திருந்தால் அது மட்டும் 400 கிலோ வரை வரும். மோட்டாரும் கேபிளும் சேர்ந்து மொத்தம் ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். “வெறும் குழாய்தானே” என்று ஒரு டன் செயின் பிளாக்கைக் கொண்டு வருவது தொடக்கத்திலேயே தவறு.

குழாய்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வர வர, பளு குறைந்துகொண்டே போக வேண்டும். அவ்வாறு குறையாமல் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டால், மோட்டார் சேற்றிலோ, சரிந்த கல்லிலோ, தளர்ந்து மடிந்த கேபிளிலோ சிக்கியிருக்கிறது என்று பொருள். அப்போது இன்னொரு கப்பியைச் சேர்ப்பது தீர்வன்று. விசை கூடக் கூடக் குழாயின் மரை பிய்த்துக்கொண்டு, மோட்டாரும் மீதிக் குழாயும் அடியில் விழுந்துவிடும். ஓரடி இறக்கி, குழாயைச் சற்றுத் திருப்பி, மீண்டும் மெதுவாக ஏற்றிப் பார்க்க வேண்டும். குழாய் இணைப்புகள் மரையாக இருப்பதால் இறுகும் திசையில் மட்டுமே திருப்ப வேண்டும். சில முறை செய்தும் வரவில்லை என்றால், சிக்கிய மோட்டாரை எடுக்கும் கருவி வைத்திருப்பவரை அழைப்பதே செலவைக் குறைக்கும்.

அறிகுறி: சுமை மிக மெதுவாக ஏறுகிறது; கயிறு பாதியில் முடிந்துவிடுகிறது

இது கோளாறன்று. நான்கு கயிறு தாங்கினால் ஒரு மீட்டர் ஏற்ற நான்கு மீட்டர் இழுக்க வேண்டும். 10 மீட்டர் உயரத்துக்குக் கப்பிகளுக்கு இடையே 40 மீட்டர் கயிறு, மேல் கப்பியிலிருந்து தரையில் நிற்பவர் கைக்கு இறங்கி வர இன்னொரு 10 மீட்டர், அதோடு இழுப்பவர் பிடித்துக்கொள்ள ஐந்தாறு மீட்டர் என்று தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் கயிறு போதாமல் இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டுவது கூடாது. முடிச்சு சக்கரத்தில் நுழையாது. மேலும் முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் வலு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடுகிறது.

அறிகுறி: மேல் தாங்கல் வளைகிறது, நகர்கிறது, அல்லது சுவரில் விரிசல் தெரிகிறது

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறி இது. காரணம் எப்போதும் ஒன்றே: மேல் தாங்கல் சுமையை மட்டும் தாங்குவதில்லை, சுமையையும் இழுப்பவரின் விசையையும் சேர்த்துத் தாங்குகிறது. ஒற்றைக் கப்பியில் 100 கிலோ சுமையைத் தரையில் நின்று இழுத்தால், சுமையின் 100 கிலோவும் இழுவிசையின் 110 கிலோவும் சேர்ந்து மேல் கொக்கியில் 210 கிலோ விழுகிறது. நான்கு கயிறு அமைப்பில் இது 135 கிலோவாகக் குறைகிறது. இயங்கும் கப்பி சேர்ப்பதால் கைக்கு வரும் நன்மையைவிட, மேல் தாங்கலுக்கு வரும் இந்த நன்மையையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் கப்பி வாங்குபவர்கள் இதை நினைத்துப் பார்ப்பது அரிது.

கூடவே குலுக்கலையும் கணக்கில் கொள்ள வேண்டும். தளர்ந்திருக்கும் கயிற்றில் சுமை திடீரென்று வந்து அமர்ந்தால், அது ஓர் அங்குலம்கூட விழாமல் இருந்தாலும், கயிற்றில் எழும் இழுவிசை சுமையைப் போல் இரு மடங்காகிறது; விழுந்து நின்றால் அதற்கும் மேல். ஆகவே “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணி வெட்டி இழுக்கும் வழக்கத்தைத் தளத்தில் அனுமதிக்கக் கூடாது. கயிறு முதலில் விறைப்பாகட்டும். பின் ஒரே சீராக இழுக்கட்டும்.

பெங்களூர் வீடுகளில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் நான்கு அங்குல சாலிட் பிளாக்கால் கட்டியது. அது ஆள் விழாமல் தடுக்கும் சுவர்; பளுவைத் தாங்கும் உறுப்பன்று. அதன்மேல் குழாயைப் படுக்க வைத்துக் கப்பி கட்டுவதை எந்த அவசரத்திலும் ஏற்கக் கூடாது. சன்ஷேடும் அப்படித்தான். சாரத்தின் சவுக்குக் கம்பிலும் கட்டக் கூடாது. சாரம் தன்மேல் நிற்கும் ஆட்களுக்காகக் கட்டப்பட்டது. தூணிலும் உத்தரத்திலும் மட்டுமே பளு போய்ச் சேர வேண்டும்.

மாடித் தளத்தின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதன் மூக்கை வெளியே நீட்டி, வாலில் எடை வைத்துத் தூக்கும் முறை இங்கே பரவலாக இருப்பதால் அதற்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூக்கு சுவருக்கு வெளியே முக்கால் மீட்டரும், வால் உள்ளே ஒன்றரை மீட்டரும் நீண்டிருக்கிறது என்று கொள்வோம். மூக்கில் 210 கிலோ விழுந்தால், அது சட்டத்தைக் கவிழ்க்க முயலும் திருப்பம் 210ஐ முக்காலால் பெருக்கிய 157.5. அதைச் சமன் செய்யவே வாலில் 105 கிலோ வேண்டும். குலுக்கலுக்கும் கணக்குப் பிழைக்கும் இடம் விட்டு மூன்று மடங்கு வைத்தால் 315 கிலோ. அதாவது 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஆறுக்கு மேல், ஏழு. மூன்று மூட்டை வைத்துவிட்டு ஒருவரை அதன்மேல் உட்கார வைக்கும் பழக்கம் உயிரோடு விளையாடுவது. அடுக்கிய மூட்டைகளில் ஒன்றை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவதும் நடக்கும் என்பதால், வால் எடையைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

அதே சட்டத்தின் வாலிலேயே வின்ச்சை (கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் கருவியை) பொருத்தி, கயிற்றைச் சட்டத்தின் மேலாகவே மூக்கிலுள்ள கப்பிக்குக் கொண்டு சென்றால், தரையில் நின்று இழுப்பவரின் விசை மூக்கில் விழாது. கவிழ்க்கும் எடை சுமையின் 100 கிலோ மட்டுமே. இயன்றவரை இந்த அமைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். தரையில் கப்பி கட்டித் திசை திருப்பி, இழுகயிற்றை வண்டியில் கட்டி இழுப்பதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. கயிற்றின் விசை ஓட்டுநருக்குத் தெரியாது. கிளட்ச் சற்றுத் துள்ளினால் மேல் தாங்கலே கீழே வந்துவிடும்.

சுமையைக் கட்டும் ஸ்லிங்கிலும் இதே போன்ற பெருக்கம் ஒளிந்திருக்கிறது. இரண்டு கால் ஸ்லிங்கின் ஒவ்வொரு காலும் கிடைமட்டத்துக்கு 60 பாகையில் நின்றால், சுமையின் 58 சதவீதத்தைத் தாங்கும். 45 பாகையில் 71 சதவீதம். 30 பாகையில் ஒவ்வொரு காலும் முழுச் சுமையையும். கிரானைட் பலகையைக் குட்டைக் கயிற்றால் விரித்துக் கட்டினால், கயிறு அறுவதோடு பலகையும் நடுவில் ஒடியும்.

அறிகுறி: கயிறு காடியை விட்டு விலகிப் பக்கத் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே சிக்குகிறது

இழுப்பவர் பக்கவாட்டில் தள்ளி நிற்பதே மிகுதியான காரணம். கயிறு சக்கரத்தின் தளத்திலேயே வந்து சேர வேண்டும். சாய்ந்து வந்தால் காடியின் விளிம்பில் ஏறி, கயிறு தளர்ந்த கணத்தில் கீழே விழும். இழுப்பவருக்கு வேறு இடமில்லை என்றால், தூணின் அடியில் இன்னொரு கப்பி கட்டிக் கயிற்றை நேராக்கலாம். அப்படிக் கட்டும் கப்பியில் கயிறு செங்கோணத்தில் திரும்பினால், அதன் கட்டு இழுவிசையைப் போல் 1.4 மடங்கைத் தாங்க வேண்டியிருக்கும். தேய்ந்து ஒரு பக்கமாக ஆடும் புஷ்ஷும், கயிற்றைவிட மிக அகலமான காடியும் இதே அறிகுறியைத் தரும். சக்கரத்தைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும்.

அறிகுறி: சக்கரம் சுற்றாமல் கயிறு மட்டும் வழுக்குகிறது, அல்லது கீச்சிடுகிறது

அச்சில் சிமெண்ட் தூளும் கிரீஸும் சேர்ந்து இறுகியிருக்கும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, புதிய கிரீஸ் இட வேண்டும். பழைய அழுக்கின்மேல் எண்ணெய் ஊற்றுவது தூளை இன்னும் உள்ளே இழுக்கும். நின்றுபோன சக்கரத்தின்மேல் பாலிப்ரொப்பிலீன் கயிறு ஓடினால் உராய்வுச் சூட்டிலேயே உருகிப் பளபளப்பான திட்டாகிவிடும். அந்தத் திட்டுள்ள பகுதியை வெட்டி எறிய வேண்டும்.

அறிகுறி: சுமை சுழல்கிறது, மேல், கீழ்க் கப்பிகளின் கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கின்றன

முறுக்கிய கயிறு பளு ஏறும்போது தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயல்கிறது. அதனால் தொங்கும் சுமை சுழல்கிறது. புதிய கயிற்றுச் சுருளைப் படுக்க வைத்து ஒரு நுனியைப் பிடித்து இழுத்து எடுத்திருந்தால், ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு கூடியிருக்கும். கயிற்றை முழுவதும் அவிழ்த்து, மாடியிலிருந்து வெறுமனே தொங்கவிட்டால் முறுக்கு தானாக இறங்கும். பின்னல் கயிற்றுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. சுமையின் அடியில் வழிக்கயிறு ஒன்றைக் கட்டி, கீழே ஒருவர் தள்ளி நின்று பிடித்துக்கொள்வது எல்லா நேரத்திலும் வேண்டும். அந்தக் கயிற்றை அவர் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

அறிகுறி: கம்பிக்கயிறு சிலிர்த்து நிற்கிறது, தட்டையாகிறது, கிளாம்பில் நழுவுகிறது

கம்பிக்கயிறு பளுவால் மட்டும் சாவதில்லை, வளைவால் சாகிறது. அதற்குச் சக்கரத்தின் விட்டம் கயிற்றைப் போல் 18 மடங்காவது இருப்பது நல்லது. 8 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 144 மில்லிமீட்டர். பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோலார் தங்கவயலில், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய கயிறுகள் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் அவ்வளவு பெரிய சக்கரங்களின்மேல் ஓடியது இதனால்தான். 2001ஆம் ஆண்டு மூடப்படும் வரை அச்சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். அவர்களின் உயிர் அந்தச் சக்கரத்தின் விட்டத்தை நம்பியிருந்தது.

கயிற்றின் ஒரு முறுக்கு முழுச் சுற்று வரும் நீளத்தில் ஆறு கம்பிகள் அறுந்திருந்தாலோ, அதே நீளத்தில் ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ கயிற்றை ஒதுக்கிவிட வேண்டும். ஒருமுறை மடிந்து கோணலான கயிற்றைச் சுத்தியால் தட்டி நேராக்கினாலும் வலு திரும்புவதில்லை. கையுறையில்லாமல் தடவிப் பார்க்கக் கூடாது. துணியை வைத்து மெல்ல இழுத்தால் அறுந்த கம்பி துணியில் மாட்டும்.

நுனியில் வளையம் செய்து யூ கிளாம்ப் போடும்போது, திசை தவறுவது மிகப் பொதுவான பிழை. கிளாம்பின் அடிக்கட்டை பளு தாங்கும் நீண்ட கயிற்றின்மேல் அமர வேண்டும். யூ வடிவக் கம்பி வெட்டிய குட்டை நுனியை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் யூ கம்பி பளு தாங்கும் கயிற்றை நசுக்கிவிடும். குறைந்தது மூன்று கிளாம்ப், கயிற்று விட்டத்தைப் போல் ஆறு மடங்கு இடைவெளியில். முதல் சுமை ஏறியபின் கயிறு சற்று மெலியும் என்பதால், இறக்கியவுடன் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

அறிகுறி: செயின் பிளாக்கில் கைச்சங்கிலியை விட்டதும் சுமை தானாக இறங்குகிறது

சாதாரணக் கயிற்றுக் கப்பியில் கையை விட்டால் சுமை இறங்கத்தான் செய்யும். அங்கே இழுகயிற்றைத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி வைத்துக்கொண்டு, சுற்றின் உராய்வைக் கொண்டே நிறுத்தவும் இறக்கவும் வேண்டும். செயின் பிளாக் அப்படியன்று. அதில் சுமையின் எடையே உராய்வுத் தட்டுகளை நெருக்கி அழுத்துகிறது. பல்சக்கரமும் அதன் நாக்கும் பின்னோக்கிச் சுற்றவிடாமல் தடுக்கின்றன. சுமை மெதுவாக நழுவினால், தட்டில் எண்ணெய் ஏறியிருக்கும் அல்லது தட்டு தேய்ந்திருக்கும். சங்கிலிக்கு எண்ணெய் இடுவது நல்லது. பிரேக் மூடிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. சுமை விட்டு விட்டுத் திடீரென்று இறங்கினால், நாக்கின் வில் உடைந்திருக்கும். இரண்டிலும் பிளாக்கை ஒதுக்கி வைத்துப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பிரேக்கைத் தளத்தில் பிரித்துப் பார்ப்பது தகாது. வெறும் கொக்கியை வைத்துப் பிரேக்கைச் சோதிக்கவும் கூடாது, ஏனெனில் அழுத்தும் எடை இல்லாதபோது தட்டுகள் நன்றாகப் பிடிப்பதில்லை. அளவான சுமையைத் தரையிலிருந்து அரை அடி மட்டும் தூக்கி, சில நிமிடம் நிறுத்திப் பார்ப்பதே சரியான சோதனை.

இரண்டு சங்கிலி தாங்கும் பிளாக்கில், ஏற்றும்போது “டக் டக்” என்ற ஒலியும் துள்ளலும் வந்தால், கீழ்க் கொக்கி ஒருமுறை சங்கிலிகளுக்கு இடையே புரண்டு போயிருக்கும். வளையங்களின் பற்றவைப்பு ஒரே வரிசையில் தெரிகிறதா என்று பார்த்தால் முறுக்கு எங்கே விழுந்தது என்று புலப்படும். சுமையில்லாமல் கொக்கியைத் திருப்பி நுழைத்துச் சரிசெய்யலாம். கொக்கியின் வாய் புதிதாக இருந்ததைவிட விரிந்து தெரிந்தால், அது ஒருமுறை அளவுக்கு மீறிய சுமையைத் தூக்கியிருக்கிறது. அதை வளைத்துச் சரிசெய்யக் கூடாது.

அறிகுறி: சுமை மேலே வந்துவிட்டது, உள்ளே எடுக்க முடியவில்லை

கப்பியைத் தாழ்வாகக் கட்டியதன் விளைவு இது. சுமையின் உயரம், ஸ்லிங்கின் உயரம், இரு கப்பிகளின் நீளம், கைப்பிடிச் சுவரின் உயரம் எல்லாவற்றையும் கூட்டி, அதற்குமேல் இரண்டு அடி விட்டு மேல் கொக்கி அமைய வேண்டும். அந்த இரண்டு அடி இல்லாவிட்டால் கீழ்க் கப்பி மேல் கப்பியில் முட்டும்; முட்டிய பின்னும் இழுத்தால் அந்த விசை முழுவதும் கயிற்றை அறுப்பதற்கே செலவாகும்.

உயரம் கூடுதலாக இருப்பது உள்ளே இழுப்பவருக்கும் எளிது. மேல் கொக்கியிலிருந்து 2 மீட்டர் தாழ்வில் தொங்கும் 100 கிலோ சுமையை அரை மீட்டர் உள்ளே இழுக்க ஏறக்குறைய 26 கிலோ விசை போதும். 1 மீட்டர் தாழ்வில்தான் தொங்குகிறது என்றால் அதற்கே 58 கிலோ வேண்டும். இரண்டாவது நிலையில் இழுப்பவர் கால் வழுக்கினால், சுமையோடு அவரும் வெளியே போவார். ஆகவே உள்ளே இழுப்பதை மாடி ஓரத்தில் நின்று கையால் செய்யாமல், சுமையில் கட்டிய தனிக் கயிற்றை அறைக்குள்ளிருக்கும் தூணில் ஒரு சுற்றுப் போட்டு இழுக்க வேண்டும். கீழே இழுகயிற்றைப் பிடித்திருப்பவர், மேலே உள்ளவர் குரல் கொடுத்த பிறகே சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சுமை தளத்தில் முழுவதும் அமர்ந்து, கயிறு தளர்ந்து தொங்குவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் ஸ்லிங்கைக் கழற்றலாம்.